யோகராஜா கத்தரியைக் கீழே வைத்த நாள்

எங்கள் பண்ணைக்கு வருகிறவர்கள் ஆட்டின் முகத்தைப் பார்ப்பார்கள். யோகராஜா பின்பக்கத்தைப் பார்ப்பார். காலையில் பட்டிக்குள் நுழைந்ததும் பதினான்கு செம்மறிகளையும் ஒரு சுற்று நடக்கவிட்டு, ஒவ்வொன்றின் வாலடியையும் கவனித்த பிறகுதான் தன் பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றுவார். ஈரம் இருக்கிறதா, சாணி ஒட்டியிருக்கிறதா, ரோமத்தில் எங்காவது நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார். நான் சேர்ந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது.

பண்ணை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கிழக்கு லண்டனில், அப்டன் பார்க்கிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் கவுன்சில் அடுக்குமாடிகள், நடுவில் இரண்டு ஏக்கர் புல். பள்ளிப் பிள்ளைகள் ஆடு, கோழி, கழுதைகளைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும் என்று ஓர் அறக்கட்டளை அதை நடத்துகிறது. நான் கோயம்புத்தூர்க்காரி, பெயர் ஸ்ரீநிதி. கேனரி வார்ஃபில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. வாரம் ஐந்து நாள் கம்ப்யூட்டர் திரையையே வெறித்துக்கொண்டிருந்து அலுத்துப்போன ஒரு ஏப்ரல் மாதத்தில், சனிக்கிழமைகளில் சாணி அள்ளவும் தண்ணீர் மாற்றவும் அங்கே தொண்டராகச் சேர்ந்தேன்.

யோகராஜா அங்கே சம்பளத்துக்கு வேலை செய்பவர். வாரத்தில் நான்கு நாள் பண்ணை. மற்ற இரண்டு நாள் இல்ஃபர்டில் ஒரு காய்கறிக் கடைக்கு வேன் ஓட்டுவார். நாற்பத்தெட்டு வயது. மனைவி ஜெனோஜா ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறார். வீடு செவன் கிங்ஸில். யாழ்ப்பாணத்துக்காரர் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். முதல் நாளே என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார், நானும் அண்ணா என்றே கூப்பிடத் தொடங்கினேன். குறைவாகப் பேசுவார். ஆனால் ஆடுகளோடு மட்டும் தாழ்ந்த குரலில் ஓயாமல் ஏதாவது கதைத்துக்கொண்டே இருப்பார்.

அவர் பின்பக்கம் பார்ப்பதன் காரணம் எனக்கு ஜூலை மாதத்தில் விளங்கியது. நான்கு நாள் மழை பெய்து, ஐந்தாம் நாள் திடீரென்று புழுக்கம். அன்று சனிக்கிழமை. பிஸ்கட் என்று பள்ளிப் பிள்ளைகள் பெயர் வைத்த ஒரு பெட்டை ஆடு மற்ற ஆடுகளை விட்டு விலகி வேலியோரம் நின்றது. எனக்கு அது சும்மா நிற்பதாகத்தான் தெரிந்தது. யோகராஜா கையிலிருந்த வாளியை அப்படியே வைத்துவிட்டு அதைப் பார்த்தார். அது பின்னங்காலைத் தரையில் உதைத்தது, வாலைப் படபடவென்று அடித்தது, கழுத்தைத் திருப்பித் தன் இடுப்பைக் கடிக்கப் பார்த்தது.

பிடித்து நிறுத்தி என்னைத் தலைப்பக்கம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வாலடியில் ரோமத்தை விலக்கியபோது, உள்ளே தோல் முழுவதும் அசைந்தது. புழுக்கள். அரிசியைக் கொட்டியது போல அடுக்கடுக்காக இருந்தன. மேலே பார்த்தால் கொஞ்சம் ஈரமான ரோமம், அவ்வளவுதான். வாடை மூக்கில் ஏறியது. ஆட்டின் தலையை விடாமல் பிடித்தபடி முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டேன்.

யோகராஜா பதறவில்லை. பண்ணை மேலாளர் ஹெலனிடம் கால்நடை மருத்துவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, கத்தரியை எடுத்து ஈரம் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் தூரம் வரை ரோமத்தை ஒட்ட வெட்டினார். காய்ந்த, நல்ல தோல் தெரியும் வரை வெட்டிக்கொண்டே போனார். அங்கேதான் புழு ஒளிந்திருக்கும் என்றார். வெட்டிய ரோமம் முழுவதையும் ஒரு பைக்குள் போட்டுக் கட்டினார். ஒரு புழுகூடத் தரையில் விழுந்து ஈயாக எழும்பக் கூடாது. மருத்துவர் வந்து நோவுக்கு ஊசி போட்டு, காயத்துக்கு மருந்து பூசினார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் இந்த ஆடு உயிரோடு இருந்திருக்காது என்று அவர் சொன்னார். பச்சை நிற ஈ ஈரமான ரோமத்தில் முட்டையிடும், அரை நாளுக்குள் புழு வரும், அந்தப் புழு உயிருள்ள ஆட்டைத் தின்னும். இதெல்லாம் எனக்கு அன்று தெரிந்தது.

பிஸ்கட் பிழைத்தது. அடுத்த பத்து நாளும், வேன் ஓட்டும் நாட்களில்கூட, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வந்து காயத்தைப் பார்த்துவிட்டுப் போனார் யோகராஜா. இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். ஆஸ்திரேலியாவில் என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

செப்டம்பரில் பண்ணையில் கம்பளித் திருவிழா நடக்கும். நூல் நூற்பவர்கள், சாயம் போடுபவர்கள் எல்லாம் வருவார்கள். அந்த ஆண்டு கம்பளித் தொழிலில் நடக்கும் கொடுமைகள் பற்றி ஒரு விளக்கப் பலகை செய்கிறேன் என்று நான் முன்வந்தேன். இணையத்தில் தேடிப் படித்தபோதுதான் மியூல்சிங் என்ற வார்த்தையைக் கண்டேன். ஆஸ்திரேலியாவில் மெரினோ வகை ஆடுகளுக்குப் பின்பக்கத்தில் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த மடிப்புகளில் மூத்திரமும் சாணியும் தங்கி ஈ மொய்க்கும். அதைத் தடுக்க, வாலடியில் இரண்டு பக்கமும் தோலை ஒரு பட்டையாக வெட்டி எடுத்துவிடுகிறார்கள். புண் ஆறியதும் அந்த இடம் ரோமம் இல்லாமல் வழுவழுப்பாகிவிடும். பிரிட்டனில் இதற்குத் தடை. படங்களைப் பார்த்த அன்று இரவு நான் சாப்பிடவில்லை. கோபத்தோடு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். கடைசி வரி இப்படி இருந்தது: இதைச் செய்கிறவர்கள் மனிதர்கள்தானா?

ஆஸ்திரேலியாவில் இருந்தவர் ஆயிற்றே, தகவல் சரியா என்று பார்க்கட்டும் என்று அந்தத் தாள்களை யோகராஜாவிடம் கொடுத்தேன். அலுவலக அறையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். பேனா கேட்டு வாங்கினார். பெரிய ஆடுகளுக்கு என்று நான் எழுதியிருந்ததை அடித்து, ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக் குட்டிகள் என்று எழுதினார்; கிழமை என்றால் அவருக்கு வாரம். கத்தி என்பதை அடித்து, கத்தரி என்று எழுதினார். ரோமம் கூடுதலாகக் கிடைப்பதற்காக என்று நான் எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருந்ததை முழுவதும் அடித்தார். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கு, தங்கச்சி. ஓம், மனிசர்தான். நான் செய்தனான்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. எத்தனை என்று கேட்டேன்.

"எண்ணேல்ல. ஆறு வருசம். ஆயிரக்கணக்கில வரும்."

தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் போகும்போது பிஸ்கட்டின் காயத்தைத் துடைத்த அந்தக் கைகளே நினைவுக்கு வந்துகொண்டிருந்தன. அந்தக் கைகளை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மாலையே ஹெலனுக்கு மின்னஞ்சல் எழுதினேன். உங்கள் ஊழியர் ஒருவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று தொடங்கினேன். அது போதாதென்று, என்னோடு வேலை செய்யும் இரண்டு தொண்டர்களிடமும் சொல்லிவிட்டேன். அதை இன்றுவரை நான் பெருமையாக நினைக்கவில்லை.

ஹெலனின் பதில் நான்கு வரி. அது தனக்குத் தெரியும் என்றும், வேலைக்கு விண்ணப்பித்தபோது முதல் பக்கத்திலேயே அவர் அதை எழுதியிருந்தார் என்றும், மிச்சத்தை நான் அவரிடமே கேட்பது நல்லது என்றும் எழுதியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை கேட்டேன். ஆடுகளுக்குக் குளம்பு சீவிக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தாமலேயே சொன்னார். எதையும் தனக்குச் சாதகமாக வளைத்துச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாயிரத்துப் பத்தில் அகதியாகப் படகில் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தவர் அவர். ஒன்றரை வருடம் தடுப்பு முகாமில் இருந்தார். வெளியே விட்டபோது ஊர், பேர், பாஷை எதுவும் தெரியாத நிலை. விக்டோரியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் குட்டி ஆடுகளுக்கு வாலறுத்து, காதில் அடையாளம் போட்டு, தடுப்பூசி குத்தும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை கிடைத்தது. பண்ணை பண்ணையாகப் போவார்கள். குட்டியைத் தூக்கி மல்லாத்தி, நான்கு காலையும் பிடித்துக்கொள்ளும் ஒரு இரும்புச் சட்டத்தில் வைப்பதுதான் அவருடைய முதல் வேலை. அந்தச் சட்டத்துக்கு அங்கே தொட்டில் என்று பெயராம். குட்டியோடு அந்தத் தொட்டில் ஒவ்வொரு ஆளின் முன்னாலும் சுற்றி வரும். கடைசியில் நிற்பவர் கையில் கத்தரி இருக்கும்.

முதல் நாள் முழுவதும் அவர் கத்தரிக்காரர் பக்கம் திரும்பவே இல்லையாம். இரண்டாம் கிழமையில், மியூல்சிங் செய்யாமல் விட்ட ஒரு மந்தையில் புழு விழுந்த ஆடு ஒன்றை மேய்ச்சல் நிலத்தில் கண்டார். நாலாயிரம் ஏக்கர் நிலம், யாரும் ஒரு கிழமையாக அந்தப் பக்கம் போகவில்லை. ஆடு படுத்திருந்தது, உயிர் இருந்தது. அதற்குத் துப்பாக்கிக் குண்டைத் தவிர வேறு மருந்து இல்லை. அதன் பிறகு அவர் கத்தரிக்காரர் பக்கம் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார். கற்றுக்கொள்கிறேன் என்று தானே கேட்டார். பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினார்.

அதைச் சொல்லும்போது அவருடைய பேச்சு தானாகவே நிதானமானது. கத்தரி சவரக்கத்தி போலக் கூராக இருக்க வேண்டும், மொட்டைக் கத்தரி தோலை வெட்டாது, கிழிக்கும். ஒவ்வொரு மந்தைக்கும் நடுவே கிருமிநாசினியில் போட்டு எடுக்க வேண்டும். ரோமம் முளைக்கும் தோலை மட்டும்தான் எடுக்க வேண்டும். கீழே சதையில் கத்தரி பட்டால் அது பிழை. தேவைக்கு மேல் ஒரு விரல் அகலம்கூட எடுக்கக் கூடாது. வாலை அதிகம் குட்டையாக வெட்டினால் வெயிலில் கீழ்ப்பக்கம் வெந்து புற்றுநோய் வரும், அதனால் மூன்றாவது மூட்டுக்குக் கீழேதான் வெட்ட வேண்டும். நோயான குட்டி, இளைத்த குட்டி என்றால் தொடவே கூடாது. மழையிலும், புழுதிக் காற்றிலும், ஈ அதிகமாகப் பறக்கும் நாட்களிலும் செய்யக் கூடாது. முடிந்ததும் குட்டியை எறியாமல், நாலு காலும் புல்லில் படும்படி இறக்கி விட வேண்டும். உடனே தாயோடு சேர்ந்து பால் குடிக்க வேண்டும். புண் ஆறும்வரை மூன்று நான்கு கிழமைக்கு மந்தையை விரட்டக் கூடாது. தூரத்தில் நின்று தினமும் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மருந்து. வெட்டியதும் புண்ணின் மேல் விசிறும், வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்யும் மருந்து அப்போதே வந்துவிட்டது. சில பண்ணைக்காரர்கள் வாங்குவார்கள், சிலர் வாங்க மாட்டார்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மருந்து விசிறிய குட்டிக்கும் விசிறாத குட்டிக்கும் வித்தியாசத்தை அவர் கண்ணால் பார்த்தார். விசிறாத குட்டி முதுகை வளைத்துக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டு, தாயிடம்கூடப் போகாமல் அன்று முழுவதும் அப்படியே நிற்கும். விசிறியது சற்று நேரத்தில் பால் குடிக்கப் போகும். முதல் வருடம் மருந்து இல்லாத பண்ணைகளிலும் அவர் வெட்டினார். அதை அவர் மறைக்கவில்லை.

இரண்டாவது வருடம், வாரன் என்பவருடைய பண்ணை. அந்த வருடம் குட்டிகள் பிந்திப் பிறந்ததால் வேலையும் வெயில் தொடங்கும் காலத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. காலையில் மருந்து இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ந்துவிட்டது. இன்னும் இருநூறு குட்டிகள் பட்டியில் நின்றன. வடக்கிலிருந்து காற்று எழும்பிப் புழுதி பறந்தது. நாளைக்கு வேறு பண்ணை இருக்கிறது, இன்றைக்கே முடிக்க வேண்டும் என்றார் ஒப்பந்தக்காரர். அடுத்த குட்டியோடு தொட்டில் அவர் முன்னால் வந்து நின்றது.

யோகராஜா கத்தரியைக் கிருமிநாசினி வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"மருந்து வந்தால் வெட்டுறன், இல்லாட்டி ஏலாது எண்டு சொன்னனான்," என்றார் என்னிடம். "அப்ப எனக்கு இங்கிலீஷ் வராது. நோ ஸ்ப்ரே, நோ கட். அவ்வளவுதான் சொன்னனான்."

ஒப்பந்தக்காரர் முதலில் சிரித்தார், பிறகு கத்தினார். யோகராஜாவின் விசா தற்காலிகமானது. வேலை போனால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பயத்தில்தான் உட்கார்ந்தேன், நின்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்றார். வேறு ஒருவன் கத்தரியை எடுத்தான். யோகராஜாவை அங்கேயே வேலையை விட்டு அனுப்பினார்கள். ஊருக்குப் போகும் பெரிய வீதி வரை ஏழு கிலோமீட்டர் நடந்தார்.

அந்த இருநூறு குட்டிகள் என்ன ஆயின என்று கேட்டேன். மருந்து இல்லாமல் வெட்டினார்கள் என்றார். தான் உட்கார்ந்ததால் அன்றைக்கு ஒரு குட்டிக்கும் நன்மை கிடைக்கவில்லை என்று அவரே சொன்னார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் அடுத்த ஆட்டைப் பிடிக்கப் போய்விட்டார்.

ஆனால் வாரன் வேலி ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அடுத்த நான்கு கிழமையும் தன் குட்டிகளைத் தினமும் பார்த்தார். காலையில் மருந்து விசிறியவற்றையும் மத்தியானம் விசிறாதவற்றையும் காது அடையாளத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தார். அந்தக் காலத்தில் யோகராஜா ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். அடுத்த வருடம் வேலை தொடங்கும் காலத்தில் வாரன் அந்தத் தொழிற்சாலை வாசலில் தன் வண்டியோடு வந்து நின்றார். உட்கார்ந்த ஆள் நீதானே என்று கேட்டாராம். ஒப்பந்தக்காரரை மாற்றிவிட்டேன், இனி மருந்து இல்லாமல் என் பண்ணையில் ஒரு குட்டியையும் தொட மாட்டார்கள், வெட்டுவது நீதான் என்றார்.

அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. அந்தப் பண்ணையில் வேலை செய்த நான்கு வருடமும் யோகராஜா குட்டிகளின் பின்பக்கத்தைப் பார்த்து எண் போட்டார். மடிப்பே இல்லாதது ஒன்று, மிக அதிகமாக மடிந்தது ஐந்து. எந்தக் கிடாயின் குட்டிகளுக்கு மடிப்பு குறைவு என்று ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதி வாரனிடம் கொடுத்தார். தோல் வழுவழுப்பான கிடாய்களையே வாங்கினால் குட்டிகளை வெட்டவே தேவையில்லை என்று சொன்னார். வாரனுடைய அப்பா காலத்திலிருந்து வளர்த்த மந்தை. மடிப்பு போனால் ரோமமும் குறையும் என்று அவர் தயங்கினார். பாதி மந்தையில் செய்து பாருங்கள் என்றார் யோகராஜா. ஒவ்வொரு வருடமும் வெட்ட வேண்டிய குட்டிகள் குறைந்தன. இரண்டாயிரத்துப் பதினெட்டில் தொட்டில்களை இறக்குவதற்கு முன்பே குட்டிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, இந்த வருடம் கத்தரி தேவையில்லை என்று அவர்தான் சொன்னார். வாரன் அவரையே பார்த்துக்கொண்டு நின்று, அப்படியென்றால் உனக்கு வேலை இல்லையே என்றாராம்.

"ஓம், இல்லைத்தான் எண்டு சொன்னனான்," என்று சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அதற்குப் பிறகு ஜெனோஜாவைக் கலியாணம் செய்து லண்டனுக்கு வந்தார். வலி மருந்து இல்லாமல் வெட்டக் கூடாது என்று விக்டோரியாவில் பிறகு சட்டமே வந்துவிட்டதை வாரன் அவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருந்தார்.

எல்லாம் கேட்ட பிறகு நான் சமாதானம் ஆகிவிட்டேன் என்று சொல்ல முடியாது. அந்த முதல் வருடத்துக் குட்டிகள் என் மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் அவர் மனதை விட்டும் அவை போகவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

இதற்குள் நான் வாயை அடக்காததன் பலன் வந்துவிட்டது. தொண்டர்களிடம் சொன்னது அவர்கள் வழியாகப் பரவி, எங்கள் பகுதி ஃபேஸ்புக் குழுவில் யாரோ எழுதிவிட்டார்கள். குழந்தைகள் வரும் பண்ணையில் ஆடுகளை உயிரோடு தோலுரித்தவர் வேலை செய்கிறார் என்ற மாதிரி. ஒரு பள்ளி தன் வருகையை நிறுத்தி வைத்தது. நிர்வாகக் குழு ஒரு கூட்டம் போட்டது, யாரும் வரலாம் என்றார்கள். நான் யோகராஜாவிடம் போய், பேசியது நான்தான் என்று சொன்னேன். தெரியும் என்றார். கோபமா என்று கேட்டேன்.

"நீங்கள் இல்லாததைச் சொல்லேல்லையே," என்றார். "ஆனால் என்னட்டை முழுக்கக் கேட்டுப்போட்டுச் சொல்லியிருக்கலாம்."

கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். ஜெனோஜா வேலை முடிந்து மருந்துக்கடைச் சீருடையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். யோகராஜா எழுதி வைத்துப் படிக்கவில்லை. தனக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில், என்னிடம் சொன்னதையே சொன்னார். எப்படிச் செய்வது, எப்படிச் செய்யக் கூடாது, ஏன் செய்தார்கள், ஏன் செய்யாமல் இருக்க முடியும். எதையும் இனிப்புத் தடவிச் சொல்லவில்லை. இரண்டு பேர் நடுவிலேயே எழுந்து போனார்கள்.

சிறு குழந்தையோடு வந்திருந்த ஒரு தாய், செய்ததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டார். மருந்தோடு, தேவையான குட்டிக்கு, சரியாகச் செய்ததற்கு வருந்தவில்லை, புழு தின்ற ஆட்டைப் பார்த்திருக்கிறேன் என்றார் யோகராஜா. மருந்து இல்லாமல் வெட்டிய குட்டிகளுக்காக வருந்துகிறேன். ஒரு வருடம் முன்பே நான் உட்கார்ந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்னது.

ஹெலன் எழுந்து, அவர் வேலைக்கு வந்த பிறகு மூன்று கோடைகளில் பண்ணையில் ஒரே ஒரு ஆட்டுக்குத்தான் புழு விழுந்தது என்றும், அதுவும் பிழைத்துவிட்டது என்றும் பதிவேட்டைக் காட்டினார். அதற்கு முந்தைய மூன்று கோடைகளில் நான்கு ஆடுகள் செத்திருந்தன. நிர்வாகக் குழு அவரை வேலையில் வைத்துக்கொள்வது என்று அன்றே முடிவு செய்தது. நிறுத்தி வைத்த பள்ளி அடுத்த வசந்தத்தில் வந்தது. எழுந்து போன இருவரும் பிறகு வரவேயில்லை.

என் பலகையை நாங்கள் இருவரும் சேர்ந்து திரும்ப எழுதினோம். கடைசி வரியை நான் எடுத்துவிட்டேன். மியூல்சிங் நிற்க வேண்டும் என்ற என் கருத்தை எடுக்கவில்லை, அவரும் எடுக்கச் சொல்லவில்லை. அது நிற்கும்வரை ஒரு குட்டியையும் மருந்து இல்லாமல் வெட்டக் கூடாது என்றும், வழுவழுப்பான தோலுள்ள ஆடுகளை வளர்ப்பதுதான் உண்மையான தீர்வு என்றும் அவர் சேர்த்தார். கம்பளி வாங்கும்போது அது எப்படிப்பட்ட மந்தையிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள் என்பது எங்கள் இருவருடைய வரி. திருவிழா நாளில் காலை முதல் மாலை வரை அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார். கூட்டத்தில் கேள்வி கேட்ட தாயும் வந்தார். நீங்கள் சொன்னது விளங்கியது, ஆனால் நான் இனிக் கம்பளி வாங்கப் போவதில்லை என்றார். அதுவும் நல்லதுதான் என்றார் யோகராஜா, முழு மனதோடு.

இப்போது அவரைக் கென்ட்டிலும் எசெக்ஸிலும் இருக்கும் சின்னப் பண்ணைகள் கூப்பிடுகின்றன. ஈ வரும் முன்பே வாலடி ரோமத்தை எப்படிக் கத்தரிப்பது, வயிற்றுப்போக்கு வராமல் குடற்புழுவுக்கு எப்போது மருந்து கொடுப்பது, ஒரு ஆடு தனியே நின்றால் என்ன அர்த்தம் என்றெல்லாம் காட்டிக்கொடுக்கிறார். லண்டனின் சட்டன் பகுதியில் ஐந்து ஆடு வைத்திருக்கும் ஒரு தமிழ் டாக்டர், மனிதர்களுக்கு ஊசி போடும் தனக்கு ஆட்டைப் பார்க்கத் தெரியவில்லை என்று சொல்லி இவரை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கே அழைத்துவிட்டார்.

போன மார்ச்சில் எங்கள் பண்ணையில் ஆறு குட்டிகள் பிறந்தன. இங்கே குட்டி பிறந்த முதல் ஒரு வாரத்துக்குள் வாலில் இறுக்கமான ரப்பர் வளையம் போடுவது வழக்கம். வால் தானாக உணர்விழந்து விழுந்துவிடும். சட்டமும் அதை அனுமதிக்கிறது. வளையப் பெட்டியோடு ஹெலன் வந்தபோது, யோகராஜா தாய் ஆடுகள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, இந்த ஆறுக்கும் வேண்டாம் என்றார். தினமும் பார்க்க நாங்கள் இருக்கிறோம், வால் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். ஹெலன் பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

உலகத்தில் எல்லோரும் இப்படியே செய்துவிடலாமே என்று நான் கேட்டேன்.

"இருவது ஆடு எண்டால் ஏலும், தங்கச்சி. நாலாயிரம் எண்டால் அந்தப் பண்ணைக்காரரோட இருந்து கதைக்க வேணும்," என்றார்.

வாரனுக்கு அனுப்ப வேண்டும் என்று குட்டிகளைப் படம் எடுத்துத் தரச் சொன்னார். பால் குடிக்கும்போது ஆறு நீண்ட வால்களும் ஒரே நேரத்தில் ஆடின. படம் எல்லாம் அசைந்து மங்கலாகத்தான் வந்தது. பரவாயில்லை, அனுப்புங்கள் என்றார்.